நாக்குக்கு அடியில்

எங்கள் மலையில் இப்போது மருத்துவ அலுவலராக இருக்கும் இளம் பெண் டாக்டர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். துறையின் ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்ற மருத்துவர்கள் கட்டுரை தர வேண்டுமாம். "மழை, அட்டைக்கடி, ரோடு இல்லாத காலத்துல டோலி கட்டி நோயாளியைத் தூக்கினது, அந்த மாதிரி எழுதுங்க சார். படிக்க நல்லா இருக்கும்," என்றார்.

சர்க்கரை போடாத டீயைத்தான் கொடுத்தேன். வீட்டில் சர்க்கரை வாங்குவதில்லை. அதைக் குடித்துக்கொண்டே அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். காசநோய் என்று முடிவு வந்த அன்றைக்கே நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுகிறார்களாம். சர்க்கரை நோயாளி யாராவது தொடர்ந்து இருமினால் உடனே சளிப் பரிசோதனையாம். "ரெண்டும் கூட்டாளிங்க சார். ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணைத் தேடணும்," என்றார். கை கழுவுவதைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

எங்கள் காலத்தில் அந்த முறை வரவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். உத்தரவு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பார்க்கக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவி என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. கீழே இருந்து வரும் அலுவலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் பார்ப்பேன். மலைக்காரர்களுக்குப் பார்க்கமாட்டேன். சாமைச் சோறு தின்று ஏறி இறங்கி நடக்கிறவனுக்குச் சர்க்கரை எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

மழையைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். நான் அந்த இழுப்பறையைப் பற்றி எழுதுகிறேன்.

படித்ததும் பயிற்சி பெற்றதும் சேலத்தில். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும்போலப் படித்தேன், எல்லோரையும்போலத் தூங்காமல் வேலை பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையடிவாரத்தில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவரிடம் இரண்டு வருடம் இருந்தேன். காசநோயைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதும் கெட்டதும் அவரிடம் கற்றவை.

நெடிய மனிதர். வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்திருப்பார். சத்தமாகப் பேசமாட்டார். நோயாளி மருந்து விழுங்குவதைப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. நோயாளியை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கவைப்பார். மாத்திரைகளை நோயாளியின் உள்ளங்கையில்தான் வைக்க வேண்டும், நர்ஸ் ஊட்டிவிடக் கூடாது. அரை டம்ளர் தண்ணீர். விழுங்கியதும் நோயாளி தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்ல வேண்டும். கன்னத்தில் மாத்திரையை ஒதுக்கி வைத்திருந்தால் பேச்சு குழறும். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும். அவர் டார்ச் அடித்து நாக்குக்கு அடியிலும் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையிலும் பார்ப்பார். பார்த்து முடித்ததும் "நல்லது, போங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே சிலர் ஒழுங்காக வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அதோடு விடமாட்டார். காசநோய் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் திடீரென்று வீட்டுக்குப் போய், கையோடு கொண்டுபோன வெள்ளைப் பீங்கான் கப்பில் சிறுநீர் பிடித்துத் தரச் சொல்வார். நிறம் இருந்தால் மாத்திரை உள்ளே போயிருக்கிறது. இல்லையென்றால் வெளியே போயிருக்கிறது. "மருந்து கேக்கலேன்னா அது வயித்துக்குப் போகலேன்னு அர்த்தம். வேற காரணத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதே," என்பார்.

பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மாத்திரையை வாழை மரத்தடியில் புதைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நான் மலைக்கு மாற்றலாகி வந்தபோது அந்த மாதிரி ஒரு கப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மலையில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். என் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காக நாமக்கல்லில் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். முதலில் வாரம் ஒரு முறை இறங்கிப் போனேன். பிறகு மாதம் ஒரு முறை. சாயங்காலம் பனி இறங்கினால் எதிர்வீட்டு விளக்கு தெரியாது. பேச ஆள் இல்லாதவன் தான் சொல்வதுதான் சரி என்ற நினைப்புக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறான். என்னைத் திருத்த அங்கே யாரும் இல்லை.

அரப்பளி என்ற நோயாளி ஆலத்தூர் நாட்டில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். பல ஊர்கள் சேர்ந்த பகுதியை மலையில் நாடு என்பார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். நாற்பதைத் தாண்டிய வயது. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகை ஏணி வைத்து ஏறிப் பறிப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பார்கள். தேன் எடுக்கவும் போவார். இருமல், காய்ச்சல், உடம்பு இளைப்பு என்று வந்தார். சளியில் கிருமி இருந்தது. எக்ஸ்ரேயில் நிழல் வலது நுரையீரலின் அடிப்பாகத்தில் இருந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். வயது வந்தவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் குடியேறும். அடிப்பாகத்தில் நிழல் விழுந்தால் இந்த உடம்பில் வேறு ஏதோ இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். அப்படி யோசிக்க வேண்டியவற்றில் சர்க்கரை முதலாவது. இதை நான் படித்திருந்தேன். ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தபோது அது கண்ணிலும் பட்டது. கீழே இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு உறையில் போட்டேன்.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: "நல்லா சாப்பிடு. வாழைப்பழம், பலா, தேன் எல்லாம் சாப்பிடு. உடம்பு தேறணும்." எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன். அப்போது நீ என்றுதான் பேசினேன்.

அப்போது மருந்து வாரம் மூன்று நாள். அரப்பளியின் ஊர் அங்கன்வாடிப் பணியாளர் சரோஜா மாத்திரை கொடுத்து விழுங்கவைக்கும் பொறுப்பில் இருந்தார். மலையடிவாரத்து நெஞ்சுநோய் மருத்துவரின் முறையை நான் அவருக்கு அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் முடிந்து சளியைப் பார்த்தோம். கிருமி குறையவில்லை. எடை இன்னும் இறங்கியிருந்தது. ஒரு மாதம் நீட்டித்தேன். அப்போதும் அதே முடிவு.

மருந்து வயிற்றுக்குப் போகவில்லை என்று முடிவு செய்தேன். ஒரு நாள் சொல்லாமல் ஜீப்பில் கிளம்பிப் போனேன். காலையில் மருந்து கொடுத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை. அங்கன்வாடி வாசலில் மிளகு காயப்போட்டிருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அரப்பளியை வரச் சொல்லிக் கப்பைக் கொடுத்தேன். மறைவுக்குப் போய்த் ததும்பத் ததும்பக் கொண்டுவந்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. மிக லேசாக ஒரு சாயல் இருந்ததோ என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது.

"மாத்திரையை எங்க துப்பறே?" என்றேன்.

"துப்பலீங்க."

"அப்ப இது என்ன?" கப்பை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "மூத்திரமுங்க," என்றார்.

யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. சரோஜாவின் பக்கம் திரும்பினேன்.

"சார், நான் கண்ணால பாத்துத்தானுங்க குடுக்கறேன்," என்றார் அவர். "பேரு சொல்லச் சொல்றேன், அப்பன் பேரு சொல்லச் சொல்றேன். நாக்கையும் தூக்கச் சொல்லிப் பாக்கறேனுங்க. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே."

"அப்ப நீ பொய் சொல்லலே. மருந்துதான் பொய் சொல்லுது. அப்படித்தானே?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "மருந்து பொய்யின்னு நான் எப்படீங்க சொல்லறது," என்றார்.

அரப்பளியின் மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏனுங்க சார், ராத்திரியில அஞ்சாறு வாட்டி எந்திரிச்சு வெளிய போறாருங்க. குடத்துத் தண்ணி காலியாயிருது. மாத்திரைச் சூடுங்களா?"

"ஆமா, மாத்திரைச் சூடுதான்," என்று சொல்லிவிட்டு, "முதல்ல அதை ஒழுங்கா முழுங்கச் சொல்லு," என்றேன்.

விழுங்காத மாத்திரைக்குச் சூடு எங்கிருந்து வரும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. உடம்பில் சர்க்கரை கட்டுமீறிப் போனவன் குடம் குடமாகக் குடிப்பான், குடம் குடமாகப் போவான். போகிற தண்ணீரில் மருந்தின் நிறம் கரைந்து வெளுத்துப்போகும். அந்தப் பெண் எனக்கு நோயின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் அவருக்குப் பதிலாகக் கப்பை நம்பினேன்.

அங்கேயே, அத்தனை பேர் முன்னால், சரோஜாவிடமிருந்து மருந்துப் பெட்டியை வாங்கி ஜீப்பில் வைத்தேன். இனி அரப்பளி வாரம் மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கண்ணெதிரில் விழுங்க வேண்டும் என்றேன். ஜீப் கிளம்பியபோது ஒருவரும் வழக்கம்போல வழியனுப்ப எழுந்து வரவில்லை. குனிந்து மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

அவர் வந்தார். ஒரு நாளும் தவறவில்லை. பஸ் தவறினால் நடந்து வந்தார். ஜன்னலைப் பார்த்து நிற்பார். விழுங்குவார். "அரப்பளி. அப்பன் பேரு சடையன்," என்பார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்குவார். நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். "நல்லது, போ" என்ற சொல் மட்டும் எனக்கு வரவில்லை. தலையை ஆட்டுவேன்.

என் கண்ணெதிரே விழுங்க ஆரம்பித்த பிறகு அந்தக் கப்பை நான் ஒரு முறைகூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அப்போதும் நிறம் வெளுத்துத்தான் இருந்திருக்கும். கப்பு சொன்னது தப்பு என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் சந்தேகத்தை நிரூபிப்பதற்காக மட்டுமே நான் அதை வைத்திருந்தேன். என்னைச் சோதிக்க அல்ல.

பலாக் காலம் வந்தது. ஒரு காலையில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாத்திரையை விழுங்கினார், பெயர் சொன்னார், நாக்கைத் தூக்கினார். டார்ச்சோடு குனிந்தபோது அவர் மூச்சில் ஒரு பழ வாடை அடித்தது. பலாச்சுளை தின்றிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மலை முழுவதும் அந்த வாடையாக இருந்த பருவம். நான் டார்ச்சை அணைப்பதற்குள் அவர் பக்கவாட்டில் சரிந்துவிட்டார்.

சர்க்கரை முற்றினாலும் மூச்சில் பழ வாடை அடிக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இழுப்பறையைத் திறந்தேன். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்தேன். அது எண் காட்டவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்சுலின் ஊசி போட்டு, குளுக்கோஸ் இல்லாத நீரை ஏற்றியபடி, முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கிச் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஜீப்பின் பின்பக்கத்தில் அவர் தலையை மனைவி தன் மடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாத்திரை முழுங்கினதை நீங்க பாத்தீங்கள்ல சார்?"

"பாத்தேம்மா," என்றேன்.

சேலத்து மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "ஆரம்பத்துல சர்க்கரை பாத்தீங்களா டாக்டர்?" என்றார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு எனக்கு விளக்கினார். நான் பின்னால் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நுரையீரலுக்குள் காவலுக்கு என்று சில அணுக்கள் இருக்கின்றன. கிருமி நுழைந்ததும் அவை அதை விழுங்க வேண்டும். விழுங்கியவற்றில் சில, பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேதி சொல்ல வேண்டும். சேதி போன பிறகுதான் அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பு அணுக்கள் தயாராகிக் கிளம்பும். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் இந்தக் காவல் மந்தமாகிவிடுகிறது. விழுங்குவதும் தாமதம், சேதி போவதும் தாமதம். அதற்குள் கிருமி பல மடங்காகப் பெருகிவிடும். கடைசியில் எதிர்ப்பு வரும்போது அளவு மீறி வருகிறது. கிருமியை ஒழிக்க முடியாமல் நுரையீரலையே புண்ணாக்கிவிட்டுப் போகிறது. அதனால்தான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் சளியில் கிருமி மறைய நாளாகிறது. போதாததற்கு, காசநோய் மாத்திரைகளில் ஒன்று சர்க்கரை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். ஆகவே ஊசிதான் போட வேண்டியிருந்தது.

அரப்பளி கண் விழித்துத் தெளிந்ததும் இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று கட்டிலோரம் உட்கார்ந்தேன். அணு, கணு என்றால் அவருக்கு எதற்கு? "உங்க ஊர்ல சாமைக்காட்டுக்குப் பரண் போட்டுக் காவல் இருப்பாங்கல்ல," என்று ஆரம்பித்தேன். "காட்டுப்பன்னி வந்தா பரண்ல இருக்கறவன் கத்தணும். அவன் தூங்கிட்டா ஊருக்குச் சேதி போகாது. பன்னி மேஞ்சு முடிச்ச பொறவு ஊரே தீப்பந்தத்தோட ஓடிவரும். பன்னி தின்னது பாதி, இவங்க மிதிச்சது பாதி. உன் நெஞ்சுக்குள்ள அதுதான் நடந்திருக்கு. சர்க்கரை காவக்காரனைத் தூங்க வெச்சிருச்சு."

அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "காவக்காரன் தூங்கிட்டான். நீங்க காட்டுக்காரனைத் திருடன்னு சொல்லிட்டீங்க."

நான் எழுந்து போய் வராந்தாவில் நின்றேன்.

அவர் பிழைத்தார். ஊசியோடு மாத்திரை மறுபடி தொடங்கியது. சர்க்கரை அடங்க அடங்கச் சளியும் சுத்தமானது. அந்த ஊரில் அப்போது குளிர்பெட்டி இல்லை. ஊசி மருந்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றியவர் சரோஜா. நான் யாரிடம் மருந்துப் பெட்டியைப் பிடுங்கினேனோ அவர். மருந்து கொடுக்கும் பொறுப்பையும் திரும்ப அவருக்கே தந்தேன். தந்தேன் என்றால், கிராம நர்ஸ் மூலம் ஆணை அனுப்பினேன். நேரில் போகவில்லை. அரப்பளிக்குச் சிகிச்சை முடியும்வரை பார்த்துக்கொண்டு, அதன் பிறகு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசிச் சளி முடிவைக் கேட்க அரப்பளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுத்தம் என்றேன். அன்றைக்கு மாத்திரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் ஜன்னலைப் பார்த்து நின்று, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கினார். பழக்கமா, வேண்டுமென்றே செய்தாரா, எனக்குத் தெரியாது. நான் மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். வலது நுரையீரலின் அடிப்பாகம் தழும்பாகிவிட்டது. ஏணியில் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மிளகு பறிக்கும் வேலை அவருக்கு முடிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை விடவில்லை. அந்த ஊரிலிருந்து பரிசோதனைக்குச் சளி டப்பா வருவது நின்றுபோனது. முன்னெல்லாம் இருமல் என்றால் சரோஜா டப்பா கொடுத்துச் சளி வாங்கி பஸ்ஸில் அனுப்புவார். இப்போது கொடுக்க யாருமில்லை. கொடுத்தாலும் வாங்க யாருமில்லை. காசநோய் என்று சொன்னால் டாக்டர் வந்து ஊர் முன்னால் மூத்திரம் பிடிக்கச் சொல்லுவார் என்ற பேச்சு அங்கே நிலைத்துவிட்டது. ஒரு பெண் இருமலை மறைத்து மறைத்து வைத்திருந்தார்; கடைசியில் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்தபோது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருடைய கணவர், "சரோசா சொல்லிக்கிட்டேதானுங்க இருந்துச்சு, நாங்கதான் பயந்துட்டோம்," என்றார். எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஊருக்குப் போய், அதே அங்கன்வாடி வாசலில் நின்று, நான் சொன்னது தப்பு, இந்த அம்மா சொன்னதுதான் நிஜம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வேறு எந்த மருந்தும் வேண்டியிருக்காது. வெட்கத்தால் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது கொஞ்சம் மரியாதையான சொல். டாக்டர் தப்புச் செய்தார் என்று ஒரு முறை ஒப்புக்கொண்டால் அடுத்து நான் சொல்வதை எவன் கேட்பான் என்ற பயம்தான் நிஜம். நான் ஒப்புக்கொள்ளாததால்தான் யாரும் கேட்காமல் போனார்கள் என்று பிறகு புரிந்தது.

ஓய்வுபெற்று நாமக்கல்லுக்குப் போனேன். அந்த வீட்டில் என் துணி வைக்க ஒரு அலமாரித் தட்டுகூட இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை. நான் இல்லாமல் வாழப் பழகியிருந்தார்கள். மலைக்கே திரும்பி வந்து ஒரு வீடு எடுத்துத் தங்கிவிட்டேன். எனக்கும் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. காலையில் ஜன்னலோரம் நின்று விரலில் குத்தி எண்ணைப் பார்க்கிறேன். அதைச் சொல்ல ஆள் இல்லை. மாத்திரையை விழுங்கினேனா என்று பார்க்கவும் ஆள் இல்லை. சில நாள் மறந்துவிடுகிறேன்.

போன வாரம் சோளக்காடு சந்தையில் அரப்பளியைப் பார்த்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அன்னாசியும் பலாவும் குவித்துவைத்து உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. முதலில் நான் நகர்ந்துவிடத்தான் பார்த்தேன்.

"ஏனுங்க டாக்டருங்களா," என்று கூப்பிட்டுவிட்டார். "பாத்தும் பாக்காத மாதிரி போறீங்க. பழம் வாங்கலீங்களா?"

"எனக்கும் சர்க்கரை அரப்பளி," என்றேன்.

"அட. உங்களுக்குமா." உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு பலாச்சுளையை உரித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "நல்லா இருக்குது போ. விக்கறவனும் திங்கக் கூடாது, வாங்க வந்தவரும் திங்கக் கூடாது." கடைக்காரர் சிரித்தார். அரப்பளி என் பக்கம் திரும்பினார். "மாத்திரையெல்லாம் சரியா முழுங்கறீங்களா?"

"முழுங்கறேன்."

"காலையில முழுங்குனீங்களா?"

"முழுங்கினேன்," என்றேன். அன்று மறக்கவில்லை.

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "எங்க, நாக்கைத் தூக்குங்க பாக்கலாம்."

பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையைக் கீழே வைத்தேன். வெளிச்சம் வந்த பக்கமாகத் திரும்பி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கினேன்.

அரப்பளி குனிந்து நிதானமாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"நல்லதுங்க," என்றார். பிறகு, "எனக்குக் காட்டி என்னத்துக்குங்க ஆகுது. சரோசாக்காவுக்குப் போயிக் காட்டுங்க. இன்னும் அங்கதான் இருக்குது," என்றார்.

அந்த ஊருக்குப் போகும் பஸ் அப்போது எங்களுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது. அது கிளம்பிப் போகும்வரை நான் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து, இதை முதலில் எழுதி முடித்துவிடுவோம், அப்புறம் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதோ, எழுதி முடித்துவிட்டேன்.